எட்டிமரத்தூர் முக்கோணம்

ஒரு துண்டு மரத்துக்குப் பயந்து ஒரு ஊரே பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டது என்றால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பட்டவனுக்குத்தானே வலி தெரியும். எட்டிமரத்தூர் பட்டது என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

ஜவ்வாது மலையில் முப்பது கூரை இருக்கிற ஊர் அது. பஸ்ஸைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ரெண்டு ஏற்றம் ஏறி மூணு இறக்கம் இறங்கிப் புதூர் நாட்டுக்குப் போக வேண்டும். மழை பெய்தால் அந்தப் பஸ்ஸும் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு, எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், ஒரு மரப்பெட்டியைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள் பாஞ்சாலை. அவள்தான் பால்வாடி டீச்சர். டீச்சர் என்றதும் கீழேயிருந்து வெள்ளைச் சேலை கட்டி வந்தவள் என்று நினைக்க வேண்டாம். இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் மாதையனுக்கு வாழ்க்கைப்பட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் வைத்துக்கொண்டு களை பறிக்கிறவள்தான். திருப்பத்தூர் ஆஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்திருந்தாள். மலையில் அது பெரிய படிப்பு.

பெட்டிக்குள் ஒரு பலகை, பலகையில் நாலு ஓட்டை. ஓட்டைக்கு ஏற்றபடி நாலு மரத்துண்டு. மஞ்சள் வட்டம், நீலச் சதுரம், பச்சைச் செவ்வகம், சிவப்பு முக்கோணம். பிள்ளைகள் துண்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, திருப்பித் திருப்பி வைத்து, சரியான ஓட்டையில் 'டொக்' என்று உட்கார்ந்ததும் கை கொட்டும். அதுதான் விளையாட்டு. அதுதான் பாடமும்.

இந்தப் பெட்டிக்காக அவள் ஆபீசில் நாலு தடவை போய் நின்றாள். காரணம் இருந்தது. அவள் ஒன்றாவது சேர்ந்தபோது, கீழ்நாட்டு வாத்தியார் பலகையில் ஒரு கட்டம் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார். பாஞ்சாலை யோசிக்காமல், "மொறம் சார்" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எட்டாவது முடிக்கிறவரைக்கும் அவளுக்கு முறம் என்றே பேர். தன் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அந்தச் சிரிப்பை வாங்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. வீம்பு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் வீம்புதான்.

இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தன. கோதுமை ரவை உப்புமாவுக்காக வந்தன என்று சிலபேர் சொன்னார்கள். வந்தது எதற்காக இருந்தால் என்ன, வந்த பிள்ளை உட்கார்ந்ததா இல்லையா?

கெட்டது கார்த்திகைக் கடைசியில். அன்றைக்குப் பச்சை என்று ஊர் கூப்பிடுகிற பச்சையம்மா, நாலு வயசுக்காரி, சிவப்பு முக்கோணத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஆசைதான், அம்மாவிடம் காட்ட வேண்டுமென்று. அவள் அம்மா மங்கம்மாள், பாஞ்சாலைக்கு ஓரகத்தி. அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே வாசலில் குடித்தனம். மங்கம்மாள் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கையை விரித்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

பாஞ்சாலை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இத்த யாரு குடுத்தா உனுக்கு?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

"ஆபீஸ்ல குடுத்தாங்கக்கா. வெளையாட்டு சாமான்."

"அன்னிக்கும் ஆபீஸ்காரன்தான் வந்தான். ரோடு வேலைன்னுதான் சொன்னான்."

"இது வெறும் வடிவம்க்கா. மூணு மூலை கீது பாரு, அதனால முக்கோணம்."

"எனுக்கு மூலை எண்ணத் தெரியாதா? ஜீப்புக் கதவுல எண்ணியிருக்கேன். அந்த மனுசன் கையில குடுத்தனுப்பின சீட்டுல எண்ணியிருக்கேன். அதே செவப்பு, அதே மூணு மூலை. பெரியவங்கள முடிச்சாச்சி, இப்ப புள்ளைங்களுக்கு அடையாளம் போட வந்துட்டாங்களா?"

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. மரத்துண்டைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடைப் பள்ளத்தில் வீசிவிட்டாள். லண்டானாப் புதருக்குள் போன சாமான், தேடினாலும் கிடைக்காது.

மங்கம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. எமர்ஜென்சி நடந்தபோது ஒரு ஜீப் மலைக்கு வந்தது. ரோட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவள் புருஷன் அர்ச்சுனனையும் இன்னும் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. நாலு நாள் கழித்து, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் கையுமாகத் திரும்பி வந்தான். எங்கேயோ கூடாரம் போட்டு, படுக்க வைத்து, ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். ஜீப்பிலும் கூடாரத்திலும் சீட்டிலும் அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம். மகள் பச்சைக்கு அப்போது ஒன்றேகால் வயசு. அடுத்த பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். அர்ச்சுனன் அதற்கப்புறம் திருவிழாவுக்குப் போகவில்லை, நாலு பேர் கூடுகிற இடத்தில் நிற்கவில்லை. ஊரில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் காதில் விழும் இல்லையா?

விஷயம் பொழுது சாய்வதற்குள் முப்பது கூரைக்கும் போய்விட்டது. மறுநாள் பால்வாடியில் மூணு பிள்ளைகள். அதில் ஒன்று பாஞ்சாலையின் இடுப்பில் இருந்தது. கிண்டி வைத்த உப்புமா ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் இருக்கும்போதே பாரஸ்ட் வாட்சர் கையில் ஒரு கடிதம் வந்தது. பால்வாடிகளை மேற்பார்க்கிற முக்கியசேவிகா அம்மா அடுத்த வியாழக்கிழமை பார்வையிட வருகிறார், பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தாலோ, பிள்ளைகளுக்கு நாலு வடிவமும் தெரியாவிட்டாலோ பால்வாடி வேறு ஊருக்குப் போய்விடும்.

அன்று களி கிண்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள். மாதையன் நல்லவன். நல்லவர்களுக்கே உரிய யோசனையைச் சொன்னான்.

"ஒழிஞ்சதுன்னு வுடு. இனிமே முக்கோணமே கிடையாது, மூணு வடிவம்தான்னு ஊருக்குச் சொல்லிடு. எல்லாம் வந்துடும்."

"ஆபீஸ் அம்மா கேட்டா?"

"தொலஞ்சிபூட்ச்சின்னு சொல்லு."

"சாமான் தொலையும். வடிவம் எப்பிடித் தொலையும்? மூணு மட்டும் கத்துகினு கீழப் போற புள்ளைய நாலாவதக் காட்டி சிரிப்பாங்க. எனுக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு?"

"உனுக்கு வீம்பு," என்றான்.

"ஆமா, வீம்புதான். போட்டுக்க," என்று களியுருண்டையைத் தட்டில் போட்டாள். அவளே ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் விடிகாலையில் பால்வாடியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு சாமைக் கொல்லைக்குப் போய்விட்டாள். மார்கழி பிறந்து சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு உன் கொல்லையில் எல்லாரும், நாளைக்கு என் கொல்லையில் எல்லாரும் என்பது அந்த ஊர் வழக்கம். பனி இறங்கி எதிரே இருக்கிற மேடு தெரியாது, கதிர் நனைந்து விரலெல்லாம் விறைக்கும். பிள்ளைகளை வீட்டில் விட ஆளில்லாமல் எல்லாத் தாய்மாரும் கொல்லைக்குத்தான் கூட்டி வந்திருந்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தன. பால்வாடிக்குப் பிள்ளை வராவிட்டால் என்ன, பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பால்வாடி போகட்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அன்றைக்கு அர்ச்சுனன் கதிரடிக்கக் களம் போட்டான். ஊரில் அவன் கைக்குத்தான் களம் திருத்தமாக வரும். நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியை வைத்து இழுத்துக்கொண்டே சுற்றி வந்தான். தரையில் கோடு விழுந்தது. பாஞ்சாலை பிள்ளைகளைக் கூட்டி வந்து கரையில் நிறுத்தினாள்.

"இன்னா பண்றாரு பாரு."

"கோடு போடுறாரு," என்றான் கருப்பன், அஞ்சு வயசுப் பையன், வாய் ஓயாதவன்.

"அந்தக் கோட்டு மேலயே கையூனி தவழ்ந்து போ. மூலை எங்கினா வருதான்னு பாத்துச் சொல்லு."

கருப்பன் தவழ்ந்தான், மற்றதெல்லாம் பின்னால் தவழ்ந்தன. ஒரு சுற்று, ரெண்டு சுற்று. முழங்கால் எல்லாம் மண்.

"மூலையே இல்ல அத்தை. போய்கினே கீது."

"அதான் வட்டம்."

அதற்கப்புறம் சின்னச் சின்ன முளை, சின்னச் சின்னக் கயிறு. களத்தைச் சுற்றிப் பிள்ளைகள் போட்ட வட்டம் எத்தனை என்று எண்ணி மாளாது. அர்ச்சுனன் பச்சையின் முளை ஆடுகிறது என்று குனிந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

சாணி கரைத்து மெழுகிக் காய்ந்த களத்தில் செருப்புக் கால் படக் கூடாது. தானியம் இறங்குகிற இடம் அவர்களுக்குக் கோயில் மாதிரி. ஆனால் பிள்ளையின் வெறுங்காலுக்குத் தடையில்லை. ரெண்டாம் நாள் மாட்டுக்கயிற்றின் ரெண்டு முனையையும் முடிச்சுப்போட்டு, நாலு பிள்ளைகளை உள்ளே நிறுத்தி, ஆளுக்கொரு மூலையாக இழுக்கச் சொன்னாள். ஒரே அளவு நின்றால் சதுரம். கருப்பன் பக்கத்துப் பையனையும் தள்ளிக்கொண்டு நாலடி போய்விட்டான்.

"நீட்டமா பூட்ச்சி அத்தை."

"அதான் செவ்வகம். நீயே கண்டுபுடிச்சிட்ட போ."

அறுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பெட்டி இல்லை, சிவப்பு இல்லை, அவர்கள் வீட்டுக் கயிறுதானே. பாஞ்சாலை அங்கேயே உப்புமா கிண்டிப் போட்டாள். அதோடு விட்டிருந்தால் நல்ல பேர்தான்.

மூணாம் நாள் மூணு பிள்ளைகளைக் கயிற்றுக்குள் நிறுத்தினாள்.

மங்கம்மாள் தலையில் இருந்த சாமைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பச்சையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். களத்தில் கயிறு மட்டும் கிடந்தது. வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

மத்தியானம் எல்லாருக்கும் சாமைச்சோறு ஆக்குகிற முறை மங்கம்மாளுடையது. களத்து ஓரச் சரிவில் மூணு கல் போட்டு, பெரிய பானையைத் தூக்கி வைக்கப் போனாள். பாஞ்சாலை எதிரில் வந்து குந்தினாள்.

"அக்கா, அதுல ஒரு கல்ல எடுத்துடேன்."

"எடுத்தா பான எங்க நிக்கும், உன் தலமேலயா?"

"அப்ப நாலாவதா ஒண்ணு வையி."

"மேட்டுல நாலு கல்லு வச்சா பான ஆடாதா? ஒரு கல்லு தூக்கிகினு நிக்கும். மூணு வச்சாத்தான் எந்தச் சரிவுலயும் அசையாம குந்தும். எட்டாவது படிச்சவளுக்கு இதுகூடத் தெரியல பாரு," என்றாள் மங்கம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

"தெரியும்க்கா. உன் வாயால கேக்கணும்னுதான் கேட்டேன்."

சொல்லிக்கொண்டே இடுப்பில் சொருகியிருந்த சணலை எடுத்து மூணு கல்லையும் சுற்றி இழுத்துக் கட்டினாள்.

"இது யாரு போட்ட குறிக்கா? ஜீப்புல வந்தவனா?"

மங்கம்மாள் பானையை மடியில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தாள்.

"நம்ம மாமியா இதுலதான் ஆக்கினா," என்றாள் பாஞ்சாலை. "அவ மாமியாளும் இதுலதான் ஆக்கினா. அவன் இத்தப் பாத்துதான் திருடிகினு போய் ஜீப்புல பூசினான்னு வச்சிக்கயேன். திருடினவன் கையில பாத்தோம்னு நம்ம சாமான நாம வேணாங்கறதா?"

"எனுக்கு அத்தப் பாத்தா வயிறு எரியுது பாஞ்சால," என்றாள் மங்கம்மாள். "உன் இடுப்புல கீற புள்ளையப் பாக்கிறப்போ எல்லாம் எரியுது. உன்னச் சொல்லல. நீ நல்லா இரு. ஆனா எனுக்கு எரியுது. அந்த மனுசன் என் மூஞ்சிய நேராப் பாத்து மூணு வருசம் ஆவுது, தெரியுமா உனுக்கு?"

"ஒரே வாசல்ல கீறேன், தெரியாதாக்கா? எரியட்டும். நான் அத்த மறந்துடுன்னு சொல்ல மாட்டேன், எவளுக்கும் அப்பிடிச் சொல்ல வாயி கிடையாது. ஆனா அவன் எடுத்துகினு போனது போதும்க்கா. பச்ச நாளைக்கு கீழ ஸ்கூலுக்குப் போயி, வாத்தியாரு இந்தப் படத்தப் போட்டா, தெரியாதுன்னு நிக்கணுமா? அவ புத்திசாலி. உன் ஒரு புள்ள எங்க ஒம்போது புள்ளைக்குச் சமம். அவள நிக்க வச்சி ஒருத்தன் சிரிக்கறத என்னால பாக்க முடியாது."

காற்றுக்குச் சாமைத் தாள் பறந்தது. கடைசியில் மங்கம்மாள், "கயித்த எடு, அடுப்பு மூட்டணும். பசி நேரத்துல பேச்சு," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் சாப்பிட்ட பிறகு பச்சை எழுந்து களத்துக்கு ஓடினாள், மங்கம்மாள் கூப்பிடவில்லை. மற்ற தாய்மார்கள் மங்கம்மாளைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளை விட்டார்கள்.

நாலு நாளும் களத்தில் கூத்துதான். கவைக்குச்சியின் வாயில் ஒரு குச்சியைக் கட்டினால் முக்கோணம். கூரையின் முகப்பு முக்கோணம். கருப்பன் காலை அகட்டி நின்று, "நானும் ஒண்ணு," என்றான்.

வியாழக்கிழமை முக்கியசேவிகா வந்தார். கனீஸ் ஃபாத்திமா என்று பேர், வாணியம்பாடிக்காரர், ஐம்பது வயசு இருக்கும். ஏற்றம் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர், பால்வாடியில் பூட்டைப் பார்த்தார். வாட்சர் வழிகாட்ட, கோபத்தோடு களத்துக்கு வந்தார். களத்து விளிம்புக்கு வந்ததும் மெழுகின தரையைப் பார்த்தார், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தாள் உதறிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பால்வாடியைப் பூட்டிட்டு இங்க என்னம்மா பண்றே?"

"புள்ளைங்க இங்க இருக்காங்க மேடம். அதனால பால்வாடியும் இங்கதான் இருக்கு," என்றாள் பாஞ்சாலை.

அந்த அம்மா எண்ணினார். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினார், கருப்பன் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு தடவை இருபத்து மூணு வந்தது. வட்டம் கேட்டார், பிள்ளைகள் முளை அடித்துப் போட்டுக் காட்டின. சதுரமும் செவ்வகமும் கயிற்றில் நின்றன. அவர் முகத்தில் கோபம் போய்விட்டது. அப்புறம் சாவியை வாங்கி வாட்சரிடம் கொடுத்து, பால்வாடியிலிருந்து பெட்டியைக் கொண்டுவரச் செய்து திறந்தார்.

"இதுல ஒண்ணு குறையுதே. முக்கோணம் எங்க?"

பாஞ்சாலை வாயைத் திறப்பதற்குள் மங்கம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாம்மா பள்ளத்துல வீசிட்டேன். அவமேல ஒண்ணும் எழுதாதீங்க."

"ஏம்மா வீசினே?"

"செவப்பா இருந்தது," என்றாள் மங்கம்மாள்.

ஃபாத்திமா அம்மா அவளைப் பார்த்தார். ஊர் ஊராகப் போகிறவர், இந்தப் பதிலைக் கேட்பது அவருக்கு இது முதல் தடவை இல்லை போலிருக்கிறது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"சரிம்மா. ஆனா நான் கேட்டுத்தான் ஆகணும். அந்தத் துண்டே இல்லாம இதுங்களுக்கு நாலாவது எப்படித் தெரியும்? மூணுதான் தெரியும்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாருங்க மேடம். எந்தப் புள்ளைய வேணும்னாலும் கேளுங்க," என்றாள் பாஞ்சாலை.

அவர் கை காட்டியது பச்சையை. மங்கம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தானே.

"நீ சொல்லு கண்ணு. முக்கோணம் செஞ்சு காட்டுவியா?"

பச்சை கயிற்றை எடுத்தாள். மற்றப் பிள்ளைகளைக் கூப்பிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் முதலில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றுக்குள் நிறுத்தினாள். பிறகு தாள்போருக்குப் பின்னால் ஓடினாள். அங்கேதான் அர்ச்சுனன் நின்றிருந்தான், கூட்டத்துக்கு முகம் காட்டாமல். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் வரமாட்டேன் என்று பார்த்தான், பிள்ளையின் பிடி விடவில்லை. முப்பது கூரை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, மூணு வருஷத்துக்கப்புறம் அர்ச்சுனன் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றான். பச்சை தன் பங்குக்கு எதிரே போய்க் கயிற்றை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இது என்னது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"முக்கோணம்."

"எப்படிச் சொல்றே?"

"எங்கம்மா ஒரு மூல. எங்கப்பா ஒரு மூல. நான் ஒரு மூல," என்றாள் பச்சை. கொஞ்சம் யோசித்து, "எங்க வூட்ல அவ்ளோதான் ஆளு," என்றாள்.

மாதையன் தாள் மிதிக்க ஓட்டி வந்த மாட்டை நிறுத்திவிட்டான். பாஞ்சாலைக்கு அப்போதுதான் அழுகை வந்தது, பெருமையில் வந்த அழுகை, துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மங்கம்மாள் நிமிர்ந்து, எதிரே நின்ற புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"எழுதிக்குங்கம்மா," என்றாள் மங்கம்மாள். "நாலும் தெரியும்னு எழுதிக்குங்க."

ஃபாத்திமா அம்மா எழுதினார். அதற்குள் அர்ச்சுனன் பக்கத்தில் கயிறு தொய்ந்துவிட்டது.

"யப்பா, இழுத்துப் புடி," என்றாள் பச்சை. "கோணிகினு போவுது பாரு."

அர்ச்சுனன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, இழுத்துப் பிடித்தான்.